அருமைராசாவின் ஐம்பதாவது பிறந்தநாள்

மொன்ரியாலில், கோட்-டெ-நெய்ஜில், நான்காம் மாடியில் குடியிருக்கும் அருமைராசா பதினைந்து வருடமாக டென்மார்க்கிலிருந்து ஓர் ஊர்ப்பத்திரிகையைத் தபாலில் வரவழைத்துப் படிக்கிறார். ஓவர்பி என்ற அந்தச் சின்ன ஊரில் இருபத்துமூன்று வருடம் இருந்தவர். அதில் அப்படி என்ன பெரிய செய்தி? யாருடைய பசு யாருடைய வேலியை முறித்தது, தேவாலயக் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது, இவைதான். உலகமே பற்றி எரிந்தாலும் அது நான்காம் பக்கத்துக்குத்தான் போகும். அருமைராசாவுக்கோ பத்திரிகை வராத வாரம் சோறு இறங்காது.

இந்த வருடம் பத்திரிகைக்கு நூற்றைம்பது வயது. தன் வரலாற்றைத் தானே புத்தகமாகப் போடப்போகிறதாம். ஆசிரியை எழுதியிருந்தார்: 1999இல் உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளன்று எடுத்த படத்தைச் சேர்க்கிறோம், பத்து வரியில் உங்கள் நினைவுகளை எழுதித் தாருங்கள்.

ஆனால் அது அவருடைய பிறந்தநாளே இல்லை.

ஐம்பது, அறுபது என்று வயது நிறைந்தால் அந்தப் பத்திரிகை ஊராரின் பெயரைப் போட்டுவிடும். போட்டால் அயலவர்கள் விடியவே கொடியும் சுடச்சுட ரொட்டியுமாக வாசலில் வந்து பாடுவார்கள். இந்த வழக்கம் அருமைராசாவுக்கு அப்போது தெரியாது. மார்ச் மூன்று என்பது அவரை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில் இருந்த பிறந்த தேதி. பயத்தில் அதையே எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார். உண்மையில் அவர் ஐப்பசிப் பூசம். வயதும் மூன்று கூட.

அன்று காலை கதவு தட்டப்பட்டதும் பொலிஸ் என்று நினைத்து மனைவி நல்லம்மா குளியலறைக்குள் ஒளிந்துகொண்டார். வெளியே முழுத் தெருவும் நின்று பாடியது. பன்னிரண்டு வருடமாகத் தலையசைப்போடு போன சனம் அன்றுதான் முதன்முதலாக வீட்டுக்குள் வந்தது. பிறகு வரவை நிறுத்தவே இல்லை. தோட்டத்து உருளைக்கிழங்கு வந்தது, நல்லம்மாவின் வடை தெரு முழுக்கப் போனது. அத்தனை அன்பும் ஒரு பொய்த் தேதியால் வந்ததே என்று இருபத்தாறு வருடமாக அவருக்கு உள்ளுக்குள் உறுத்தல்.

மொன்ரியாலின் புறத்தே கர்க்லாண்டிலிருந்து மகள் நிருஷா போனில் தடுத்தாள்.

"இப்ப போய் ஏனப்பா அதைக் கிளறுறியள்? அந்தச் சனம் உங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"அதுதான் பிள்ளை எனக்கும் பயம். ஆனா புத்தகத்திலயும் பொய்யனாய் இருக்க ஏலாது."

உண்மையைப் பத்து வரியில் எழுதி அனுப்பினார். பதில் இல்லை, பத்திரிகையும் இல்லை. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்று நிருஷா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஊர்ச்சனம் கைவிட்டதற்குத் தபால்காரன் என்ன செய்வான் என்று மனிதர் கேட்டார். தினமும் கீழே இறங்கிப் பெட்டியைத் திறப்பார், வெறுங்கையோடு ஏறுவார். நல்லம்மா ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிக்கிடக்கும்.

வேலைநிறுத்தத்தில் தேங்கிய தபாலெல்லாம் ஒன்றாக வந்து ஒக்டோபர் இருபத்தேழாம் தேதி பெட்டி பிதுங்கிக்கொண்டு நின்றது. பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் 'திருத்தம்' என்று போட்டிருந்தது: '1999 மார்ச் 3 அன்று திரு. அருமைராசாவுக்கு ஐம்பது வயது நிறைந்ததாக எழுதினோம். அன்று அவருக்குப் பிறந்தநாளும் இல்லை, வயது ஐம்பதும் இல்லை. வருந்துகிறோம். வரும் ஒக்டோபர் 28இல் அவருக்கு எண்பது. மொன்ரியால் முகவரி கீழே.'

கூடவே பதினொரு வாழ்த்து அட்டைகள். முதலாவது, ஓவர்பியில் பக்கத்து வீட்டிலிருந்த கார்ல் எழுதியது. தொண்ணூற்றொரு வயதுக் கை, எழுத்தெல்லாம் நடுங்கியிருந்தது. அருமைராசா அதை நல்லம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"அண்டைக்குக் கதவைத் திறந்து, 'ஆருக்குப் பிறந்தநாள்?' எண்டு எங்களைத்தானே கேட்டனீங்கள். எங்களுக்கு அப்பவே விளங்கிட்டுது. ரொட்டி ஆறிப்போகும் எண்டுதான் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நல்லம்மா உளுந்தை ஊறப்போட எழுந்து போனார்.