ராஜாராமின் கண்ணாடிக் காடு

வறட்சியில் ஏலம் கருகிப்போன மறுவருஷம்தான் ராஜாராமுக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. குரங்கணிக்கு மேலே இருந்த ஏலத்தோட்டத்தை விற்றுவிட்டுப் போடியில் சினிமாக் கொட்டகை கட்டப்போகிறாராம். தோட்டமோ அவர் பெண்டாட்டி சுருளியம்மாளுக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்தது. அவள் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு செடியைக்கூட அசைக்க முடியாது.

"முட்டு வலிய வச்சுக்கிட்டு மலையில இனி உனக்கு என்ன சோலி? அங்க என்ன இருக்கு? பொழுதுக்கும் தவளை கத்தும், அம்புட்டுத்தேன்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. பக்கத்து இலையில் அவளுடைய அண்ணன் காசிமாயன் உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தேன் எனக்கு உசுரு இருக்கிற மாதிரி இருக்கு. இந்த வெக்கையில மனுசி இருப்பாளா?"

"தவளைச் சத்தம்தான வேணும்? மூணாறுல ஒரு பங்களாவுல பாத்திருக்கேன். கண்ணாடிப் பொட்டிக்குள்ள செடிய வச்சுத் தவளைய விட்டிருந்தாக. உனக்கும் ஒண்ணு செஞ்சு வச்சிர்றேன்."

சுருளியம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "முருங்கக் கொம்ப ஊனித் தழைய வைக்கத் தெரியல, காடு வளக்கப் போறாராம் காடு! சரி. உங்க கையால செடி வச்சு, அதுல தவளை பொழைச்சு, வாயத் தொறந்து ஒரு தடவை கத்தட்டும். அன்னைக்கே தோட்டத்த வித்துக்கங்க. அண்ணே, நீதேன் சாட்சி."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று உடனே உறுத்தியது. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கவலை போய்விட்டது.

மதுரையிலிருந்து பெட்டி வந்து இறங்கியது. வருகிறவன் போகிறவன் கண்ணில் பட வேண்டுமே, முன்னறை ஜன்னலடியில் வைத்தார். ஆட்டுப்புழுக்கை கலந்த மண், இரண்டு குரோட்டன்ஸ், ஒரு ரோஜாப் பதியன். குரங்கணி ஓடைப் பக்கம் ஆள் விட்டுப் பிடித்துவந்த பொடித்தவளைகள் மூன்று. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"கலரு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"தவளையப் பொண்ணு பாக்க வர்றாகளா, கலரு பாக்க?"

காலை வெயில் ஜன்னல் வழியே இறங்கியதும் பெட்டி இட்லிக் கொப்பரையாகிவிட்டது. எருவின் சூடு வேறு. ஒரு தவளை அன்றே போய்ச் சேர்ந்தது.

அடுத்ததாக ராஜாராமின் மூளை வேலை செய்தது. ஏலக்காட்டுத் தவளைக்கு ஏலச்செடிதானே வீடு! தோட்டத்து நாற்றங்காலிலிருந்து கொழுத்த நாற்றாகப் பிடுங்கிவரச் சொல்லி நட்டார். பூச்சிக்கு மருந்தடிக்கச் சொல்லி இவரே ஆள் விட்ட நாற்று, அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசலில் வரும்போதே அவள் மூக்கில் ஏறிய மருந்து நெடி, மருந்து வாங்கிக் கொடுத்த மனுஷனுக்குத் தெரியவில்லை. விடிந்தபோது இரண்டாவது தவளை மல்லாந்து கிடந்தது.

"இந்த வீட்டு ராசி அதுகளுக்கு ஒத்துக்கல" என்றார். ராசியாம் ராசி!

மூன்றாவது தடவை செடியே வேண்டாம் என்று பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகினார். "இது வாடவே வாடாது பாரு." கேட்கிறவன் கேனையனாக இருந்தால் எதையும் சொல்லலாம். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

மிஞ்சிய ஒற்றைத் தவளை பிளாஸ்டிக் இலைக்கு அடியில் ஒடுங்கியது. தோலில் இருந்த ஈரப் பளபளப்பு நாளுக்கு நாள் மங்கியது. "செத்துத் தொலை. நீ செத்தா எனக்குத் தோட்டம்" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. அது தொண்டை துடிக்க அவளையே பார்த்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

அவர் வியாபாரம் பார்க்கத் தன் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் வேலையில் இறங்கினாள். தவளையை ஈரத்துணி கட்டிய சட்டிக்கு மாற்றி, பெட்டியிலிருந்த மண்ணையும் பிளாஸ்டிக்கையும் குப்பையில் கொட்டி, கண்ணாடியைக் கழுவி, நிழலுக்கு இழுத்தாள். தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஓட்டுச்சில்லும் அடுப்புக்கரியும். அதன்மேல் மக்கிய மாவிலைத் தூள். செடிக்கு மலைக்கா போக வேண்டும்? கொல்லையில் இருந்த உறைக்கிணற்றின் உள்பக்கம், வெயிலே படாத ஈரத்தில், பாசியும் பெரணியும் மண்டிக் கிடந்தன. குனிந்து தோசைத்திருப்பியால் சுரண்டினாள். பெரிய பெரணி பெட்டியை அடைத்துவிடும் என்று விரல் நீளக் கன்றுகளாக எடுத்தாள். கடைசிப் பாசியைக் கிளப்பும்போது தோசைத்திருப்பி கை நழுவி உறை இடுக்கில் செருகிக்கொண்டது. எட்டவில்லை, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பெரணியைக் குருத்து மண்ணுக்குள் போகாமல் நட்டு, பாசியை அழுத்திப் பதித்து, தண்ணீர் தெளித்துத் தவளையை விட்டாள்.

சாயங்காலம் ராஜாராம் வந்தார். பெட்டியைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார். கேட்டால் அவள் வைத்தது, கேட்காவிட்டால் தான் வைத்தது. வியாபாரி மூளை அது. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"ஏன் தோசை தெனமும் பிஞ்சு பிஞ்சு வருது?"

"கரண்டியால திருப்புனா அப்பிடித்தேன்."

பாசி வேர் பிடித்தது. பெரணி புதுச் சுருள் விட்டு அவிழ்ந்தது. தவளையின் தோலில் பழைய மினுமினுப்பு ஏறியது. ஐப்பசி மழை இறங்கிய ஒரு சாயங்காலம் பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக், டிக்' என்று சத்தம் கிளம்பியது. சுருளியம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த நொடியே பந்தயம் நினைவுக்கு வந்தது. தோட்டம் போச்சே!

ராஜாராம் அதற்குள் மச்சினனுக்கு ஆள் அனுப்பிவிட்டார். காசிமாயன் நனைந்த குடையோடு வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கத்துதே! செடியெல்லாம் யாரு வச்சது, மாப்ளே?"

"வேற யாரு மச்சான்? அம்புட்டும் நானே பாத்துப் பாத்து வச்சது. இவளுக்கு இதுல என்ன தெரியும்?"

அட பாவி மனுஷா! 'அவளும் ஒத்தாசை பண்ணுனா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவள் வாயடைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"இந்தப் பாசிய எங்க எடுத்தீக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மேல, நம்ம தோட்டத்து ஓடைக்கரையில. ஜீப்புல கொண்டாரச் சொன்னேன்."

"பெரணி?"

"அதுவுந்தேன்."

"அண்ணே, கொல்லக் கெணத்துல செத்த எட்டிப் பாரு. தெக்குப் பக்கம், மேல் உறைக்குக் கீழ."

காசிமாயன் குடையை விரித்துக்கொண்டு போனார். ராஜாராம் ஒன்றும் விளங்காமல் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தவளை நிறுத்தவில்லை.

திரும்பி வந்த காசிமாயனின் மீசைக்கடியில் சிரிப்பு துடித்தது. "பாசிய வழிச்செடுத்த எடம் வழுக்கையா கெடக்கு. இடுக்குல ஒரு தோசத்திருப்பி மாட்டியிருக்கு. ஏன் மாப்ளே, ஓடைக்கரையில தோசை சுட்டீகளா?"

ராஜாராமின் முகம் செத்துப்போனது. "இல்ல மச்சான், அவ சும்மா லேசா..."

"உங்க கையாலன்னுதேன் பேச்சு" என்றாள் சுருளியம்மாள். "காலையில வெரசா ஜீப்புக்குச் சொல்லுங்க. நான் மேல போறேன். பொட்டி என்கூட வருது. இனி என் தோட்டத்துக்கு மருந்து டப்பா ஒண்ணு ஏறுச்சு, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

ராஜாராம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். காசிமாயன் கண்ணாடிக்கு அருகே குனிந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாக. இங்க தவளை நல்லாத்தேன் இருக்கு, மாப்ளே."