பூச்சிய வழு

துஷாந்தினிக்கு ஆய்வுத் தலைப்பு அமைந்தபாடில்லை. வகுப்பில் மற்ற எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். பௌதிகவியல் படிப்பிக்கும் ஜிப்ரி சேர் அவள் கொண்டுபோன மூன்றையும் நின்ற நிலையிலேயே தள்ளிவிட்டார். சூரிய அடுப்பு என்றதும், "ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் பனியில வெயிலுக்கு எங்க போவீங்க மகள்?" என்று சிரித்தார்.

"பெரிய பேரெல்லாம் வாணாம். வீட்டுல இருக்கிற சாமானால அளக்க ஏலணும். ஒண்ட மாத்தணும், ஒண்ட அளக்கணும். விடை முன்னுக்கே தெரிஞ்சிருக்கக் கூடாது."

கடைசியில் ஊசலில் வந்து நின்றாள். தொங்கும் குண்டை எவ்வளவு தூரம் இழுத்துவிட்டால் அதன் ஆட்டம் எத்தனை நிமிடத்தில் அடங்கும்? சேருக்கு அரை மனதுதான். "சரி, ரெண்டு கிழமை அளந்து பாருங்க. புதுசா ஒண்டும் வரல்லன்டா மாத்துவோம்," என்று விட்டார்.

ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பன்னிரண்டு வீட்டு லயத்தில் அவளுடைய வீடு. காம்பரா அறையின் கூரை மரத்தில் மெல்லிய நைலோன் நூலைக் கட்டி, அதன் நுனியில் ஓர் ஆட்டோ நட்டைத் தொங்கவிட்டாள். நட்டு அசையாமல் நின்ற இடத்துக்கு நேர் கீழே சீமெந்துத் தரையில் நீலப் பேனாவால் குறி போட்டாள். அங்கிருந்துதான் எல்லாத் தூரத்தையும் அளப்பது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் நட்டு குறிக்கு நேரே இல்லை. மயிரிழை தள்ளி, வாசல் பக்கமாக நின்றது. கதவைச் சாத்தினாள், ஜன்னலை அடைத்தாள், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். நூல் விறைத்துக்கொண்டு நின்றதே தவிர குறிக்குத் திரும்பவில்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம். ஆளில்லாத நேரம் பார்த்து யாரோ விரலால் நகர்த்திவிட்டுப் போவதுபோல் இருந்தது.

"வீட்டுல ஏதோ நடமாடுதுடி," என்றாள் அம்மா பிரதீபா. "கதவு தானா தொறந்துக்குது. நாயி வாசல் இஸ்தோப்போட நிக்குது, உள்ள வர மாட்டேங்குது. அந்தக் கருமத்த அவுத்துப் போடு."

அப்பா சசிக்குமார் காதில் வாங்கவில்லை. சுவர் வெடிப்புக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தார், அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக.

சேரிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "அது பூச்சிய வழு மகள். கருவி பூச்சியத்துல தொடங்காட்டி வாற பிழை. எவ்வளவுன்டு எழுதிக் கழிச்சிடுங்க."

கழித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை அல்லவா, தனி நிரல் போட்டு, நாள் தவறாமல் அழகாக எழுதி எழுதிக் கழித்தாள். படிக்கிற பிள்ளைகளுக்கே வருகிற கிறுக்கு இது. பிழை என்று பெயர் வைத்துவிட்டால் அதன் முகத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பதினொரு நாள் அப்படியே போயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலையிலிருந்தே அடைமழை. பகலோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அடிமட்டத்தை வைத்தாள். நேற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர், இன்றைக்கு இருபத்தேழு. கழிக்கப் போன பேனா நின்றுவிட்டது. அந்த நிரலை மேலிருந்து கீழாக முதல்முறையாக வாசித்தாள். ஒருநாள்கூட அது குறையவில்லை, ஒருநாள்கூடப் பக்கம் மாறவில்லை. தொங்குகிற நட்டு நேராகத்தான் தொங்கும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியென்றால் சாய்வது வீடு. வாசல் பக்கம் பள்ளத்தாக்கு.

பயமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. பதினொரு நாளாக மலை சொன்னதை அவளே கழித்துக் கழித்து எறிந்திருக்கிறாள்.

பக்கத்துக் காம்பராப் பழனிமுத்துவின் சுவரோரம் வேறொரு நூலைத் தொங்கவிட்டாள். "என்னா புள்ள, எங்க வீட்டுலயும் பரீட்சையா?" என்று கிண்டல் பண்ணினார். மேலே சுவரோடு ஒட்டியிருந்த நூல், கீழே மூன்று விரல் விலகி நின்றது. அடுத்த வீட்டிலும் அதே மூன்று விரல், அதே பக்கம். அதற்குமேல் அவர் கிண்டல் பண்ணவில்லை.

அவள் அளவு எழுதின கொப்பியை எடுக்க வீட்டுக்குள் ஓடியபோது நட்டு கண்முன்னாலேயே குறியை விட்டு விலகிக்கொண்டிருந்தது. ஆடவில்லை. எறும்பு போல ஊர்ந்தது.

"அப்பா! எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க!"

சசிக்குமார் நூலைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினார்.

நாலு மணிக்கெல்லாம் பன்னிரண்டு வீட்டாரும் மூட்டை முடிச்சோடு தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் லயம் இருந்த பக்கம் மண் சரிந்து மரங்கள் வரிசையாக முறிகிற சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும். எண்ணிப் பார்த்தார்கள், ஒருவரும் குறையவில்லை. அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூட்டைகளை இறக்கினார்கள்.

"புள்ள," என்றார் பழனிமுத்து மெதுவாக. "இங்க எப்படின்னு ஒருக்கா பாரு."

கூரைக் கொக்கியில் நூலைக் கட்டி, தரையில் சோக்குக் கட்டியால் குறி போட்டாள். அரை மணித்தியாலம் காத்திருந்தார்கள். துஷாந்தினி முழங்காலிட்டு அடிமட்டத்தை வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பூச்சியம் என்று சொல்லிவிடத்தான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"எவ்வளவுடி?" என்றாள் அம்மா.

"ரெண்டு."

இறக்கிய மூட்டைகளை எல்லாரும் திரும்பத் தூக்கினார்கள்.