மறுவெட்டு செய்யப்பட்டது

1.

இந்தக் கதை ஒரு மருத்துவ அறிக்கையின் ஒன்பதாவது வரியிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது என் கற்பனை வளத்தைப் பாராட்டிவிடுவார்கள்.

அறிக்கை என் தம்பியுடையது. கழுத்தில் கட்டி. ஊசி போட்டு நூல் அளவு சதை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மற்ற வரிகளெல்லாம் அவனைப் பற்றியவை. ஒன்பதாவது வரி மட்டும் வேறு யாரையோ பற்றியது: "முதல் கெரட்டின் சாய ஸ்லைடு, வெளித்தோல் துகள் கலந்ததால் ஏற்கப்படவில்லை, மறுவெட்டு செய்யப்பட்டது."

தம்பியின் கழுத்துக்குள்ளிருந்து எடுத்த சதையில் வெளித்தோல் ஏது? யாருடைய தோலோ அவன்மேல் விழுந்திருக்கிறது. அந்த யாரோவைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "கெரட்டின் என்பது தோலிலும் முடியிலும் நகத்திலும் காணப்படும் ஒரு புரதம் ஆகும். இது—" பரீட்சைக்குப் படிப்பது போல் இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில், ஆய்வுக்கூடத்துச் சன்னல் வழியே அவள்—" விசாரித்தேன். அந்த அறைக்குச் சன்னலே கிடையாதாம். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவள் கையுறையைக் கழற்றினாள்."

இது நிற்கும் போலிருக்கிறது.

3.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆய்வுக்கூடத்தில் 'வெட்டுக்காரி' என்று பெயர். மெழுகில் புதைத்த சதையை இயந்திரக் கத்தியில் முடியைவிட மெல்லிசாகச் சீவுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு நாப்பது பேர வெட்டினேன், இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்பாள். "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸக் கூப்பிட்டுடப் போறாங்க" என்பார் கணவர்.

சீவிய ஏடு வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும். சுருக்கம் விழுந்தால் விரல்நுனியால் தட்டி நிமிர்த்தி, கண்ணாடி ஸ்லைடில் ஏந்த வேண்டும். கையுறை போட்ட விரலில் ஏடு ஒட்டிக் கிழியும். அதனால் ஆய்வுக்கூடத் தலைவர் அந்தப் பக்கம் இல்லாதபோது வெட்டுகிறவர்கள் எல்லோருமே கையுறையைக் கழற்றிவிடுவார்கள். பார்த்தும் பார்க்காதது போல் இருப்பதுதான் அங்கே வழக்கம். மற்றவர்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கை மட்டும் இருபது வருட ரசாயனத்தில் வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

[இங்கே ஒரு குறிப்பு. தாண்டிப் போகாதீர்கள், தம்பியின் உயிர் இதில்தான் இருக்கிறது. கெரட்டின் தோலில் மட்டுமல்ல, நம் உறுப்புகளின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் செல்களிலும் உண்டு. அந்தச் செல்களில் தொடங்கிய புற்று எங்கே போய்க் குடியேறினாலும் பெரும்பாலும் கெரட்டினைக் கைவிடாது. சாயம் போட்டால் பழுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். நிணநீர்ப் புற்றில் பொதுவாக அது இருக்காது. ஆகவே, பழுப்பு என்றால் வேறெங்கோ தொடங்கிக் கழுத்துவரை பரவிவிட்டது. பழுப்பு இல்லையென்றால் நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். மருந்திலேயே மீண்டுவரப் பெரிய வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் மருந்தே வேறு.]

4.

முதல் வரைவில் ஆய்வுக்கூட டாக்டர் நுண்ணோக்கியில் பழுப்பைப் பார்த்ததும், "பரவிவிட்டது" என்று எழுதிவிட்டார். அதை என் மனைவியின் தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். அவரும் இதே வேலை பார்க்கும் டாக்டர்தான்.

"எங்கள என்ன அவ்வளவு மக்குன்னு நெனச்சிட்டீங்களா?" என்றார். "உதிர்ந்த தோல்ல உட்கருவே இருக்காது. மத்த செல்லோட ஒரே மட்டத்துலயும் தெரியாது. பாத்த உடனே குப்பைன்னு தூக்கிப் போட்டுடுவோம்."

"எப்பவுமேவா?"

என் தாளை மறுபடி ஒரு பார்வை பார்த்தார். "சதை ரொம்பக் கம்மியா இருந்து, அதுவும் நசுங்கிப்போயி, துகள் சரியா அதுமேலயே படிஞ்சிருந்தா... சந்தேகம் வரும். வெட்டினவங்களையே கூப்பிட்டுக் கேட்டுடுவேன்."

அந்தக் 'கேட்டுடுவேன்' இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. அவருக்கு நன்றி. (டாக்டர்களை மக்காக்கியதற்கு மன்னிப்பும்.)

5.

"அக்கா, ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்களேன்," என்றார் டாக்டர். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

அவள், இருவர் சேர்ந்து பார்க்கும் அந்த நுண்ணோக்கியின் எதிர்க்கண்ணாடியில் குனிந்தாள். கசங்கிய நீலச் செல்களுக்கு நடுவே பழுப்பு.

"இது கட்டியோட நிறமா, மேல விழுந்த குப்பையா, எனக்குப் பிடிபடல. மெழுகு பிளாக்குல சதையும் அவ்வளவா மிச்சமில்ல. இன்னொரு தடவ வெட்டினா தீந்துடும். அதுவும் வீணாப்போச்சுன்னா அந்த ஆளுக்குத் திரும்பவும் கழுத்துல ஊசி குத்தணும். நீங்க சொல்லுங்க. வெட்டும்போது கிளவுஸ் போட்டிருந்தீங்களா?"

போன மாதம்தான் தலைவர் அவளிடம் எழுதி வாங்கியிருந்தார். இனி ஒரு ஸ்லைடில் தோல் துகள் வந்தாலும் வெட்டு மேசையை விட்டுவிட்டு, குடுவை கழுவும் அறைக்குப் போகச் சம்மதம் என்று கையெழுத்து. 'போட்டிருந்தேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரும் அந்தப் பழுப்பை நம்பிவிடுவார்.

இந்தக் காட்சியின் முதல் வரைவில் அவள் அப்படித்தான் சொன்னாள். நல்ல திருப்பம் என்று எனக்கே ஒரு பெருமை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தம்ளர் கையிலிருக்கும்போதுதான் உறைத்தது: என் தம்பியை ஒரே சொல்லில் சாகக் கொடுத்துவிட்டுத் திருப்பம் என்று பூரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது வரைவில் அவள் தலை நிமிர்ந்து, "டாக்டர், மனசாட்சிக்கு விரோதமாக நான் ஒருபோதும்—" பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரும் அப்படி வசனம் பேசுவதில்லை. கிழித்தேன்.

மூன்றாவது வரைவு இது. அவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள். கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளே ஒரு விரல் இன்னொரு விரலின் உரிந்த தோலை நிரடிக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு கைகளையும் வெளியே எடுத்து விளக்குக்கு நேராக நீட்டினாள்.

"போடல டாக்டர். ஏடு சுருங்கிடுச்சு. கழட்டிட்டு விரலால தட்டினேன். அது என் தோலாத்தான் இருக்கும்."

டாக்டர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சத்த நானே வெட்டித் தரேன். தொட்டித் தண்ணிய மாத்திடறேன். கிளவுஸ் போட்டு, பிரஷ்ஷால எடுக்கறேன்."

"கிழிஞ்சா?"

"கிழிய விடமாட்டேன்."

"கை நடுங்குதேக்கா."

"இப்ப நடுங்கும். கத்தி பக்கத்துல போனா நின்னுடும்."

6.

நின்றது. இரண்டு ஏடுகள் முழுசாக வந்தன. ஒன்றில் கெரட்டின் சாயம். துளிப் பழுப்பு இல்லை. மற்றொன்றில் நிணநீர்ச் செல்லுக்கான சாயம், பளிச்சென்று பிடித்தது.

இந்தப் பகுதியை மட்டும் நான் இட்டுக்கட்டவில்லை. அறிக்கையின் பத்தாவது, பதினோராவது வரிகள் அவை. தம்பிக்கு ஆறு சுற்று மருந்து ஏறியது. மொட்டைத் தலையோடு வீட்டில் எல்லோரையும் படாதபாடு படுத்தினான். இரண்டு வருடமாகிறது. இனி வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றிருக்கிறார்கள்.

நன்றிக் கடிதம் ஒன்று எழுதினேன். உறையின்மேல் "இரண்டாவது முறை வெட்டியவருக்கு" என்று விலாசமிட்டு, ஆய்வுக்கூட வாசல்வரை போய்விட்டேன். அங்கேதான் புத்தி வந்தது. கடிதத்தைத் தலைவர்தான் பிரிப்பார். இரண்டாவது முறை ஏன் வெட்ட வேண்டிவந்தது, முதலில் வெட்டியது யார் என்று பழைய பதிவேட்டைப் புரட்டுவார். யாருடைய தோல் என்று டாக்டரே எழுதாமல் விட்டிருக்கிறார். நான் போய் நன்றி சொல்லி மாட்டிவிடுவதா? கடிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதை.

7.

கதையில், மறுவெட்டு நடந்த மறுநாள் காலை தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

இதற்குமேல் என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், அவர் அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். அவள் குடுவை கழுவப் போகிறாள். நீங்கள் சுலபமாக நம்பிவிடுவீர்கள். ஆனால் என் தம்பியைத் திருப்பிக் கொடுத்தவளை என் கையாலேயே அந்த அறைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றில், தலைவர் கண்கலங்கித் தாளைக் கிழித்து— வேண்டாம், அந்த மனிதரை எனக்குத் தெரியாது. கண்கலங்குகிற ஆளா என்று யார் கண்டது?

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் தலைவரின் அறை வாசலில் நிற்கிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்கும் என்றைக்காவது ஒரு அறிக்கை வந்திருக்கும். அதற்குப் பின்னால் நீங்கள் பார்க்காத ஒருவர் வேலை செய்திருப்பார். அவரை நினைத்துக்கொண்டு அடுத்த வரியை எழுதுங்கள். அவள் செய்தது தப்புத்தான் என்று தலைவர் சொன்னால் மறுக்காதீர்கள். ஆனால் பேச்சு முடியும்வரை அவள் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

எனக்கு இப்போது வேறு வேலை வந்துவிட்டது. டிவி ரிமோட்டை நான்தான் ஒளித்துவைத்துவிட்டேன் என்று தம்பி அடுத்த அறையிலிருந்து வீடே அதிரக் கத்துகிறான். அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பான். போய் அவனோடு சண்டை போட வேண்டும்.