மூன்று அணையாத கடிகாரம்

பத்மப்ரியாவின் அப்பா பஞ்சாபகேசனுக்குப் பார்வை மங்கிய பிறகு, அவரால் படிக்க முடிந்தது அந்தக் கடிகாரம் ஒன்றைத்தான். மணிக்கும் நிமிஷத்துக்கும் செகண்டுக்கும் இரண்டிரண்டாக ஆறு கண்ணாடிக் குழல்கள். உள்ளே மெல்லிய கம்பியில் வளைத்த எண்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். கட்டிலில் படுத்தபடியே மணி சொல்லிவிடுவார். அவள் வாங்கி வந்த வேறு கடிகாரங்கள் அவர் கண்ணுக்கு வெறும் சிவப்புக் கறையாகத் தெரிந்தன.

மழை தொடங்கிய நாட்களில் மணி காட்டும் இரண்டாவது குழல் கெட்டது. எந்த எண் எரிந்தாலும் கூடவே மூன்று என்ற எண்ணும் எரிந்தது. அன்றிலிருந்து ராத்திரி முழுக்கக் கூப்பிட ஆரம்பித்தார். "ப்ரியா, மணி என்னாச்சு?" சொல்லிவிட்டுப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் அவளுக்குத் தலை தொங்கியது.

பழவங்காடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அஜின் திறந்து பார்த்தார். "குழலுக்கு ஒண்ணும் இல்லக்கா. அதை எரிய வைக்கிற ஐசி போச்சு. 74141. இப்ப யாரும் உண்டாக்குறதில்ல."

சாலை பஜார்க் கடைகளில் யாரும் அந்த எண்ணைக் கேள்விப்பட்டதில்லை. விழிஞ்ஞத்தில் பழைய சாமான் கிடங்கு ஒன்றில் ஒரு ஞாயிறு முழுக்கத் துருப்பிடித்த போர்டுகளைப் புரட்டினாள். ஆன்லைனில் வரவழைத்த ஐசி பார்க்கப் புதிதாக இருந்தது. அஜின் தின்னரில் துடைத்ததும் மேலே அடித்திருந்த எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வேறு எண்.

"இது வேற சாதனமாக்கும். இன்னும் ஒரு மாசம் பாப்போமா?"

இன்னொரு மாதத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. திறந்து கிடந்த கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"செகண்டுக்கும் இதே ஐசிதானா?"

"அதேதான். ஒவ்வொரு குழலுக்கும் ஒண்ணு."

"அப்போ அங்கேர்ந்து ஒண்ணைக் கழட்டி இதுல போடுங்கோ."

"செகண்ட் சரியா வராதேக்கா."

"போகட்டும். எங்காத்துல செகண்ட் யாருக்கும் வேண்டாம்."

அஜின் சால்டரிங் கம்பியைச் சூடாக்கினார்.

சனிக்கிழமை மதியம் ஸ்ரீவராகத்து வீட்டில் கட்டிலுக்கு எதிரே கடிகாரத்தை வைத்து ப்ளக்கைச் செருகினாள். அப்பா தலையைத் தூக்கினார்.

"ரெண்டு நாப்பது." பிறகு, "கடைசிக் குழல் ஏன் இருட்டா இருக்கு?"

"அது இனிமே அப்படித்தான்பா."

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நாப்பத்தொண்ணு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் புடவைகூட மாற்றாமல் வெறும் தரையில் சாய்ந்தாள். அடுத்த நிமிஷத்தை அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை.