இடது இறக்கை

வீட்டைப் பிரிப்பதில் பெரிய தகராறு ஒன்றும் வரவில்லை. வாஷிங் மெஷின் அவளுக்கு, கட்டில் அவனுக்கு. மிக்ஸியை இருவருமே வேண்டாம் என்றார்கள். அலமாரியில் அடுக்கியிருந்த, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமான மாடல் செய்கிற கிட்டுகளைக்கூடக் காபி ஆறுவதற்குள் பிரித்துவிட்டார்கள். யார் பிறந்தநாளுக்கு யார் வாங்கிக் கொடுத்தது என்ற சங்கடம் வந்த பெட்டிகளை மட்டும் அவள் விட்டுக்கொடுத்தாள். மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று. ஃபிரிட்ஜுக்கு மேலே, கண்ணாடி மூடிக்குள், 'கலப்படம்'.

அந்தப் பேர் மாடல் செய்கிறவர்களின் கிளப்பில் வைத்தது. அவர்கள் இருவரும் செய்ய ஆசைப்பட்டது தண்ணீரில் இறங்கும் ஒரு பழைய தபால் விமானம். எந்தக் கம்பெனியும் அதை கிட்டாகப் போட்டதில்லை. அதனால் அவனுடைய கிட் ஒன்றிலிருந்து உடலை எடுத்தார்கள், அவளுடைய கிட் ஒன்றிலிருந்து இறக்கைகளை, மிதவைகளை எங்கோ கிடந்த மூன்றாவதிலிருந்து. பெட்டிகளின் மேல் எல்லாம் ஒரே அளவுதான் அச்சடித்திருந்தது. வெளியே எடுத்து வைத்துப் பார்த்தால் இறக்கையின் அடிப்பகுதி பருமனாக இருந்தது, உடலில் உட்காரவே மறுத்தது. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் அந்த மழைக்காலம் முழுக்க உப்புத்தாளும் கையுமாக இறக்கைகளைத் தேய்த்தாள்.

"கடையில சம்பளத்துக்குத் தேய்க்கிறே, வீட்டுல ஓசியிலே தேய்க்கிறே," என்று அவன் சிரிப்பான். அப்போது அவன் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஒட்டுகிற வேலையை ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். வலது அவளுக்கு, இடது அவனுக்கு. இரண்டு பக்கமும் சிமென்ட் என்று பேச்சு. கிளப்பில் சிமென்ட் என்று சொல்வது தண்ணீர் போன்ற ஒரு திரவத்தை. பசை என்று பேரே தவிர அது எதையும் ஒட்டாது. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றுக்குள் ஒன்றைக் கலக்க விட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். காய்ந்த பிறகு அங்கே இரண்டு துண்டு என்று எதுவும் இருக்காது. என்ன, பிடித்த கையை எடுக்காமல் பொறுமையாக உட்கார வேண்டும்.

கண்காட்சிக்கு வைத்தபோது நடுவர் வந்தார். சட்டைப்பையில் எப்போதும் லென்ஸ் வைத்திருப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். குனிந்து பார்த்துவிட்டு, "இடது பக்கம் மூட்டு எங்க இருக்குன்னே தெரியல, பிரமாதம். வலது பக்கம் லேசா பள்ளம் விழுந்திருக்கு பாருங்க. அந்தப் பக்கம் யாரு?" என்றார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். பிறகு அந்தப் பள்ளத்தில் பட்டி பூசித் தேய்த்தாள், சரியானது, கொஞ்ச நாளில் மறுபடி விழுந்தது. அவன் பக்கம் கண்ணாடி போல இருந்தது. தன் கையில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் அதை விடுவதாக இல்லை. இந்தக் கல்யாணத்தில் ஒன்றாவது ஒழுங்காகச் சேர்ந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த விமானம் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய அக்கா, அவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள், வேனோடு வந்தாள். கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்து, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை ஃபிரிட்ஜுக்கு மேலே போய் நின்றது.

"இந்தப் பொம்மை யாருக்கு?"

"எனக்கு," என்றார்கள் இருவரும்.

"நல்லவேளை, இதுக்குப் பேச வராது. வந்திருந்தா அப்பாகிட்ட போறியா அம்மாகிட்ட போறியான்னு கேட்டே கொன்னிருப்பீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணிக்கே அது சரியாக விழவில்லை என்று தெரிந்துவிட்டது. செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"பாடி என்னோடதுக்கா," என்றான் அவன். "அந்த கிட் இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது. நான் வேற ஒண்ணு செய்யப் போறேன்."

"யாரோட சேர்ந்து?" கேட்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சரி, எதுக்கும் இல்ல. பிரிச்சு எடுத்துக்கோங்க." அண்ணி இருந்தால் அவள் அவனை 'நீங்க' என்பாள். "ஆனா மூட்டுல பிரியணும். ரம்பம் போடக் கூடாது. பெயின்டை மட்டும் கீறிக்கலாம். பிரிஞ்சா பாடி உங்களுது. பிரியலைன்னா முழுசா எனக்கு. அண்ணி சாட்சி."

"நான் எதுக்குடி சாட்சி? இது ஏரோப்ளேனா கப்பலான்னே எனக்குத் தெரியல. கீழே ரெண்டு படகு தொங்குது."

அவன் சண்டைக்கு வருவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சண்டைக்கு வரவில்லை. ஃப்ரீசரைத் திறந்து, ஐஸ் தட்டையும் பட்டாணிப் பையையும் எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, விமானத்தைச் சாய்த்து உள்ளே வைத்து மூடினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிர வைத்தால் பிடியை விடுவது சூப்பர் க்ளூ. குளிரில் அது விறைத்துப் பட்டென்று நொறுங்கும். எதையாவது கோணலாக ஒட்டிவிட்டவர்கள் கிளப்பில் செய்கிற வித்தை அது. சிமென்ட் போட்ட மூட்டைப் பனிமலையில் கொண்டு புதைத்தாலும் அசையாது.

"இது வேலைக்காகாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"பார்ப்போம்," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காத்திருந்த நேரத்தில் கட்டில் இறங்கியது. ஒரு கால் மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டது. அண்ணி மேலே நின்றபடி, "இந்தப் பக்கம் திருப்புடா, அந்தப் பக்கம் இல்ல, அது சுவரு," என்று வழி சொன்னாள். பீரோ இறங்கியது. கிட்டுப் பெட்டிகள் இறங்கின. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்த பிறகு அவன் மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தான்.

விமானம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, இடது இறக்கையின் அடியைச் சுற்றி பெயின்டைக் கத்தி முனையால் கீறினான். கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

டிக்.

இறக்கை அவன் கையில் இருந்தது. உடைந்து வரவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றுவது போல வந்துவிட்டது.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். இறக்கையின் அடியில் அவள் உப்புத்தாளால் தேய்த்த கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, அந்த மழைக்காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஒரு கோடுகூடக் கரையவில்லை. மேலே மட்டும் சர்க்கரைப் பாகு காய்ந்தது போல ஒரு பொருக்கு.

"சூப்பர் க்ளூ," என்றாள்.

"அன்னிக்கு அவசரமா கிளம்ப வேண்டியிருந்துச்சு."

"நல்லா உருகிடுச்சுன்னு சொன்னே."

"நீ கேட்டே, சொன்னேன்."

அண்ணி ஒரு பிஸ்கட்டை எடுத்தவள் கடிக்காமல் வைத்திருந்தாள்.

அந்தச் சாயங்காலம் அவளுக்கு நினைவு வந்தது. மேசையில் அவன் போன் கவிழ்ந்து கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் குளித்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். ஆபீஸில் ஒரு வேலை என்றான். அவள் வலது பக்கத்து இறக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்து கதவைச் சாத்தக்கூட முடியவில்லை. இப்போது அவன் யாரோடு போகிறானோ அந்தப் பெண்ணைப் போன வருஷத்திலிருந்துதான் தெரியும் என்று வக்கீல் முன்னால் சொல்லியிருந்தான். இறக்கை ஒட்டிய மழைக்காலம் அதற்கும் முந்தியது.

பள்ளம் ஏன் விழுந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சிமென்டில் கரைந்த பிளாஸ்டிக் காயக் காயச் சுருங்கும். கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும். அவன் பக்கமும் சிமென்ட்தான் என்று நம்பியதால், சுருங்காத அவன் மூட்டைப் பார்த்துத் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினாளே, அதை நினைக்க இப்போது வேறு விதமாக எரிந்தது.

அவன் வலது பக்கத்தைக் கீறினான். அழுத்தினான். இன்னொரு தடவை, விரல் நுனி வெளுக்கிற அளவுக்கு.

"இது வரலையே."

"வராது."

"பாதி வந்துச்சு, பாதி வரல," என்றாள் அண்ணி. "இப்ப எந்தப் பக்கம்டி நான் சாட்சி சொல்லணும்?"

"அவரே எடுத்துட்டுப் போகட்டும் அண்ணி."

"அந்த றெக்கை உன்னோடதாச்சே?"

"இனிமே அதைத் தனியா என்னோடதுன்னு சொல்ல முடியாது."

"நான் அங்க போய் அறுத்துக் கொடுத்து அனுப்பறேன்," என்றான் அவன். நியாயமாக நடந்துகொள்கிறவனின் குரல் அதில் இருந்தது.

"வேண்டாம்."

கடைசிப் பெட்டியில் அவனுடைய புத்தகங்களுக்கு மேலே விமானத்தை வைத்தார்கள். ஒற்றை இறக்கையோடு அது நேராகப் படுக்கவில்லை, நீரில் மூழ்குகிறவனின் கை மாதிரி இறக்கை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் வேன்காரனிடம் பேசக் கீழே போயிருந்தான். அண்ணி பெட்டியின் மடிப்புகளை மூடி, டேப்பைப் பல்லால் கிழித்து, ஒரு கையால் அமுக்கினாள். உள்ளே படக் என்று ஒரு சத்தம்.

அண்ணி பயந்துபோய்த் திறந்தாள். அவள் ஒட்டிய, பள்ளம் விழுந்த மூட்டு அப்படியே இருந்தது. இறக்கைதான் நடுவில், எந்த ஒட்டும் இல்லாத இடத்தில், இரண்டாக முறிந்திருந்தது.

"ஐயோ, நான் லேசாத்தான் அமுக்கினேன். இதை ஒட்டிக்கலாம்ல?"

"ஒட்டிக்கலாம் அண்ணி. உங்க தம்பிகிட்ட சூப்பர் க்ளூ இருக்கும்."

அண்ணி அவள் தோளைத் தொட வந்தாள், பாதியில் கையை டேப் பக்கம் கொண்டுபோனாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே வேன் கதவு ஒரு தடவையில் சாத்திக்கொள்ளாமல் இரண்டாம் தடவை அறைந்து சாத்தப்பட்டது.

இடது இறக்கை மேசைத் துணியில் கிடந்தது. பனி இறங்கி அதைச் சுற்றி ஈரம். பொருக்கை நகத்தால் சுரண்டினால் போதும், எந்த உடலோடும் பொருத்திவிடலாம். அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு தொட்டியில் இளகிக் கிடந்த பட்டாணிப் பையை எடுத்து, துடைத்து, ஃப்ரீசரில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.