சசிரேகா பயிற்சி முடித்தாள்

வெள்ளிக்கிழமை மாலை நாலே காலுக்குப் பயிற்சி முடிந்தபோது சசிரேகாவின் வயது நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்திரண்டாகியிருந்தது. நரை போயிருந்தது. கைவளையல் தானாகக் கழன்று விழுந்தது. பயிற்சி மையத்தின் மேலாளர் முனிரத்தினம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தால் குடும்பத்தில் வருமானம் கூடும், ஊர் நிமிரும் என்று மேடையில் பேசப் போகும் அவசரத்தில் இருந்தார். இதையும் பலன்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

வடக்குப்பட்டில் நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு சசிரேகா விரும்பியது ஒன்றுதான்: ஒரகடத்துத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. நிரந்தரமானவர்களுக்கு நீலச் சட்டை, டிரெய்னிகளுக்குச் சாம்பல். கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் சாம்பல் சட்டையோடு நின்றாள். வருடம் முடியப் போகையில் நிறுத்திவிட்டார்கள். டிரெய்னியை நிரந்தரமாக்குவதைவிடப் புது டிரெய்னியை எடுப்பது லாபம். பழைய டிரெய்னியே இன்னொரு பயிற்சி முடித்து வந்தால் அவளும் புதியவள்தான். அங்கே அது வழக்கம்.

மறுபடி பயிற்சிக்குப் போய் இருபத்துநாலாகி வந்தாள். மறுபடி சாம்பல், மறுபடி நிறுத்தம். பெண்களை முன்னேற்றியதற்காக முனிரத்தினத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவர் கண் கலங்கினார். அவருக்கு அது சுலபமாக வரும்.

சசிரேகாவின் கணவன் ரகுபதி அவளோடு கடைத்தெருவுக்குப் போவதை விட்டான்.

“கூட நடந்தா, உம் பொண்ணான்னு கேக்கறானுங்கடி. இன்னொரு வாட்டி போவாத.”

“நீலச் சட்டை போட்டுகினு வந்து உன்னாண்ட நிக்கறேன். அப்ப எவன் கேக்கறான்னு பாக்கலாம். நீ முதல்ல மீசைக்கு மை போடு.”

அந்த வருடம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட நிரந்தரப் பெண்கள் கொஞ்சம் பேர் வேண்டும். இன்னும் ஒரு பயிற்சி முடித்தால் நேராக நீலச் சட்டைதான் என்று கம்பெனி எழுதியே கொடுத்தது. அவள் அளவுக்குத் தைத்தும் வைத்தது. விஷயம் தெரிந்ததும் முனிரத்தினம் பயிற்சியை இரண்டு வாரம் நீட்டினார். நீட்டினால் மானியம் அதிகம்.

முடிந்த அன்றே சசிரேகா கம்பெனிக்கு ஓடினாள். பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. நீலச் சட்டை அவளுக்கு முழங்கால் வரை வந்தது. எச்.ஆர். கலைமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. சட்டையைக் கழற்றி வாங்கி, மடித்து, அலமாரியில் வைத்தாள்.

“பதினெட்டு ஆவலியே உனக்கு. வூட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா அனுப்பு பாப்பா, டிரெய்னிங் குடுத்து எடுத்துக்கறோம். இருக்காங்களா?”