பகவதியம்மாள் மகள் பேரில் வெடி வழிபாடு

1

ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வெடி போட்டார்கள். என் மைக்கூடு கவிழ்ந்தது. வெடி போடும் பெரிய மனிதர்களை நாறடிக்க உட்கார்ந்தேன். முதல் வரி:

'பூதப்பாண்டிக்கு அருகே, அம்மன் கொடையின் பேரொலி விண்ணைப் பிளக்க—'

விண் பிளக்கவில்லை. அடித்துவிட்டேன்.

2

கோவில் தர்மகர்த்தா நாராயணபெருமாள். அவர் தலைப்பாகைக்கே அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். (அவரைப் போலவே இடத்தை அடைத்தது. எடுத்துவிட்டேன்.)

கொல்லம் ஆண்டு 1104, கொடைவிழாவின் உச்சிவேளை. நேர்ச்சைக்குக் காசு கட்டியவர் பேரையும் நட்சத்திரத்தையும் கூவி, ஆளுக்கொரு கதினா* கொளுத்துகிறார்கள். மதிலுக்குப் பின்னால் பகவதியம்மாள் வீடு. அவளுடைய குழந்தை மாசம் திகையாமல் பிறந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அதற்குக் கைகால் வெட்டி இழுத்துக் கண் சொருகியது. அதை நாத்தனார் மடியில் போட்டுவிட்டுத் தர்மகர்த்தாவிடம் ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு. நிறுத்தச் சொல்லுங்க."

"நேர்ச்சையை நிறுத்தச் சொல்லுதியா? அம்மைக்குக் கேக்கண்டாமா, ஏட்டி?"

"அம்மைக்குச் செவி மந்தமா அண்ணாச்சி?"

வெடிக்காரன் பொன்னுலிங்கம் சிரித்துத் தொலைத்தான். தர்மகர்த்தா சிரிக்கவில்லை. "காசு கட்டினவன் நேர்ச்சை, அவன் இஷ்டம். அதில கைவைக்க நான் யாரு?"

(*இரும்புக் குழல். மருந்து இடித்துத் திரி வைப்பது. தர்மகர்த்தாக்களுக்கும் இதே அமைப்புதான்.)

3

இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். 'கண்ணீர் தாரை தாரையாக—' அவள் ஒத்துழைக்கவில்லை. காதில் கிடந்ததைக் கழற்றி நீட்டினாள்.

"மிச்சமுள்ள கதினா எல்லாம் எம் பிள்ளை பேருக்கு."

"பக்தின்னா இது! விளிடே, பொன்னுலிங்கம்!"

"பூரம் நட்சத்திரம், பேரு…?"

"பேரு இன்னும் இடல்ல. பகவதியம்மாள் மகள்னு விளிங்க."

விளித்தான். தீக்கொள்ளியைத் திரிக்குத் தாழ்த்தினான்.

"பத்த வைக்கண்டாம்."

"பின்னே?"

"இது எனக்க வெடி. இப்படித்தான் நேர்ந்திருக்கேன். நேர்ச்சையில கைவைக்கலாமா அண்ணாச்சி?"

4

நக்கலை நம்பிப் பிழைக்கிறவன் நான். இந்த இடத்தில் என் கையில் ஒன்றும் இல்லை.

பொன்னுலிங்கம் கொள்ளியைத் தண்ணீரில் முக்கினான். அடுத்த கதினாவுக்குப் போய் மறுபடி விளித்தான். "பூரம் நட்சத்திரம், பகவதியம்மாள் மகள்!" வெடிக்கவில்லை. அடுத்தது. வெடிக்கவில்லை. காதைப் பொத்தி நின்ற ஊர், ஒவ்வொருவராகக் கையை எடுத்தது. கால்வாயில் தண்ணீர் போவது கேட்டது. கோவிலுக்குள் விளக்குத் திரி பொரிவது கேட்டது. இத்தனை வருஷம் அம்மன் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அன்றுதான் எங்களுக்குக் கேட்டது. தர்மகர்த்தா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

(அந்த அரைப் பக்கத்தை எடுத்தது நல்லதாயிற்று.)

5

முடிவு ஒன்று: அடுத்த கொடைக்கு 'நாராயணபெருமாள் வகை நூற்றியொரு மௌனம்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார். என்னிடம் நீங்கள் எதிர்பார்ப்பது இதுதான். எழுதியும் வைத்திருந்தேன்.

முடிவு இரண்டு: மதிலுக்குப் பின்னால் குழந்தை—

இல்லை. அதை நான் எழுதினால் அதுவும் ஒரு சத்தம்.

கடைசிக் கதினா. பேர் விளித்தாயிற்று. பகவதியம்மாள் மதில் பக்கம் தலையைச் சாய்த்து நிற்கிறாள். ஊரும் அப்படியே சாய்கிறது. நான் பேனாவை வைக்கிறேன். மதிலுக்கு அந்தப்புறம் என்ன கேட்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்; மெதுவாக.

[                    ]